முத்திரையும் மருந்தும்

தமிழில் 'மருந்து' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பிணி தீர்ப்பதும் மருந்து. துப்பாக்கியில் இட்டு வெடிப்பதும் மருந்து. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம் இச்சொல்லைக் கண்டால் சற்றுத் தயங்குவது வழக்கம். ஒரு கடிதத்தில் 'மருந்துக் கிடங்கு' என்று வந்தால், அது ஆஸ்பத்திரியைச் சேர்ந்ததா, படையைச் சேர்ந்ததா என்பதை முன்பின் படித்தே தெளிய வேண்டியிருக்கிறது. ஆயினும் இவ்விரு மருந்துகளுக்கும் பொதுவான இயல்பு ஒன்று இருக்கிறது. கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்துச் சொத்தையை ஒதுக்கலாம். அரிசியை வாயிலிட்டுக் கடித்துப் பழையதா புதியதா என்று சொல்லலாம். மருந்தை அவ்வாறு சோதிக்க இயலாது. அதன் குணம் பயன்படுத்திய பிறகே தெரியும். அதற்குள் காலம் கடந்துவிடும். ஆகவே இரண்டிலும் நாம் நம்புவது பொருளையன்று. அதை அடைத்துவைத்த கலத்தையும், அதன் மேலுள்ள எழுத்தையும், வாயிலுள்ள முத்திரையையுமே நம்புகிறோம்.

அமெரிக்க நாட்டில் வேட்டையாடுவோரும் குறிபார்த்துச் சுடுவோரும் சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளை எறிந்துவிடுவதில்லை. கடையிலிருந்து வெடிமருந்து டப்பாக்களை வாங்கிவந்து, வீட்டில் தாமே அளந்து, அக்கூடுகளை மறுபடியும் நிரப்பிக்கொள்ளும் பழக்கம் அங்கே நெடுங்காலமாக இருந்து வருகிறது. அந்த டப்பாவை யாரேனும் இடையில் திறந்து கைவைத்திருந்தால் என்ன ஆகும்? வாங்குவோர் அதை எவ்வாறு கண்டுகொள்கிறார்கள்? இக்கேள்விகளுக்கு விடை தேடிப் புறப்பட்டால், அது நம்மை நெடிய ஒரு வரலாற்றுக்குள் இட்டுச் செல்கிறது.

முத்திரையின் தொடக்கம்

அடைத்த பொருளின் மேல் முத்திரையிடும் வழக்கம் எழுத்தைப் போலவே பழமையானது. குஜராத்தில் உள்ள லோத்தலில் 1955 முதல் நடந்த அகழாய்வில் சிந்துவெளி நாகரிகக் காலத்துப் பண்டகசாலை ஒன்று வெளிப்பட்டது. அங்கே களிமண்ணில் பதிந்த முத்திரைகள் பல கிடைத்தன. அவற்றின் ஒரு பக்கத்தில் முத்திரை உருவம். மறு பக்கத்தில் கயிறு, பாய், நாணல், துணி ஆகியவற்றின் தடம். மூட்டையைக் கட்டிய கயிற்று முடிச்சின் மேல் ஈரக் களிமண்ணை அப்பி, அதன்மேல் வணிகனோ அதிகாரியோ தன் முத்திரையை அழுத்தியிருக்கிறான். பிற்பாடு அக்கிடங்கு தீப்பற்றி எரிந்தது. மூட்டைகள் சாம்பலாயின, களிமண் சுட்டு இறுகியதால் முத்திரைகள் மட்டும் நாலாயிரம் ஆண்டு கடந்தும் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் சுங்கச் சாவடியைப் பற்றிப் பேசுமிடத்தில் முத்திரைக்குத் தனி விதிகளை வகுக்கிறது. முத்திரை இல்லாத சரக்குக்குச் சுங்கம் இரு மடங்கு. போலி முத்திரை இட்ட சரக்குக்கு எட்டு மடங்கு. முத்திரை இல்லாமையைவிடப் பொய் முத்திரை கொடிது என்று அந்நூலாசிரியர் நான்கு பங்கு கூட்டிக் கணக்கிட்டிருப்பது கருதத்தக்கது. மறதியால் நேர்ந்த குற்றத்துக்கும், பிறர் நம்பிக்கையைத் திருடிய குற்றத்துக்கும் உள்ள வேறுபாடு அது. நம் பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏறுவனவும் இறங்குவனவுமான பொதிகளின் மேல் சோழரின் புலிச் சின்னம் பொறிக்கப்பட்டதைச் சொல்கிறது. ஆகவே முத்திரை என்பது தமிழருக்குப் புதிதன்று.

கண்ணுக்குத் தெரியாத குற்றம்

மற்றச் சரக்குகளில் கலப்படம் நேர்ந்தால் காசு நட்டம். வயிற்றுக் கோளாறும் வரலாம். வெடிமருந்தில் குறை நேர்ந்தாலோ போர்க்களத்தில் நாடே தோற்கலாம். பழைய கருமருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் என்னும் மூன்றின் சேர்க்கை. வெடியுப்பில் சாதாரண உப்புக் கலந்திருந்தால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், மருந்து நமத்துப்போகும். பார்வைக்கு நல்லதும் கெட்டதும் ஒரே கறுப்புத்தான். எனவே வாங்குவோர் சில உபாயங்களைக் கையாண்டனர். வெள்ளைத் தாளின் மேல் சிறிதளவு வைத்துக் கொளுத்துவார்கள். தாளில் கறை படியாமல் விரைந்து எரிந்தால் நல்ல மருந்து. சிறிது மருந்தை ஒரு சின்னக் குழலில் இட்டு வெடித்து, அது மூடியை எவ்வளவு உயரம் தூக்குகிறது என்று அளக்கும் கருவியும் உண்டாயிற்று. இத்தகைய கருவியை 1578-இல் வில்லியம் போர்ன் என்னும் ஆங்கிலேயர் தம் நூலில் விவரித்திருக்கிறார்.

பிரான்சில் வெடிமருந்துத் தயாரிப்பு நெடுநாள் குத்தகைக்காரர் வசம் இருந்தது. 1775-இல் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, புதிய நிருவாகிகளை அமர்த்தியது. அவர்களுள் ஒருவர் நவீன இரசாயனத்தின் தந்தை என்று போற்றப்படும் லவாசியே. வெடியுப்பைத் தூய்மைப்படுத்தும் முறையை அவர் சீர்ப்படுத்தினார். இங்கிலாந்தில், அரசு தானே வெடிமருந்து ஆலை நடத்துவது வீண் என்னும் எண்ணம் 1780-களில் தலைதூக்கியபோது, வில்லியம் காங்கிரீவ் என்னும் படை அதிகாரி அதை மறுத்து வாதிட்டார். தனியார் கொடுக்கும் மருந்தின் தரத்தை அளக்க அரசிடம் ஓர் அளவுகோல் இருக்க வேண்டும்; தானே நல்ல மருந்து செய்து காட்டினாலன்றி அந்த அளவுகோல் கிட்டாது என்பது அவர் கட்சி. அதன் பயனாக 1787-இல் வால்தம் ஆபி ஆலை அரசால் வாங்கப்பட்டது. அதே ஆண்டில் கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையிலுள்ள இச்சாபூரில் கம்பெனியார் வெடிமருந்து ஆலை அமைக்கத் தலைப்பட்டனர். பிற்காலத்தில் அவ்வூரில் துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. சியால்தாவிலிருந்து வண்டியேறிச் செல்லும் நம் கல்கத்தாத் தமிழர் பலர் இச்சாபூர் நிலையத்தைக் கடந்து சென்றிருப்பார்கள்.

லவாசியேயிடம் தொழில் பயின்ற இளைஞர் ஒருவர், பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் குடும்பத்துடன் அமெரிக்கா சென்றார். எலூத்தேர் இரேனே து பான் என்பது அவர் பெயர். அமெரிக்காவில் அன்று கிடைத்த மருந்து தரத்தில் தாழ்ந்திருப்பதைக் கண்ட அவர், 1802-இல் டெலவேர் மாநிலத்தில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் ஆலை ஒன்றை நிறுவினார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற து பான் கம்பெனியின் தொடக்கம் அதுவே. ஒரு தொழிற் பேரரசு தோன்றியது தரமான மருந்துக்கு இருந்த பசியினால்தான் என்றால் மிகையாகாது.

1857-இன் பாடம்

தோட்டாவின் மேல் நம்பிக்கை குலைந்தால் என்ன ஆகும் என்பதை உலகுக்குக் காட்டிய நாடு நம் பாரதம். 1857 சனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டமில் ஒரு செய்தி பரவியது. புதிய என்பீல்டு துப்பாக்கிக்கு உரிய தோட்டாத் தாளில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவப்பட்டிருக்கின்றன என்பதே அச்செய்தி. அந்நாளில் தோட்டாவின் தாளைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். இந்துச் சிப்பாய்க்கும் முஸ்லிம் சிப்பாய்க்கும் ஒருங்கே அது சகிக்கமுடியாத செயல்.

அதிகாரிகள் சமாதானம் சொன்னார்கள். மெழுகும் எண்ணெயும் நீங்களே வாங்கித் தடவிக்கொள்ளுங்கள் என்றார்கள். பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழிக்கலாம் என்று பயிற்சி முறையையும் மாற்றினார்கள். பயன் இல்லை. பாரக்பூரில் நடந்த விசாரணையில், தாளின் மினுமினுப்பே ஐயத்துக்கு இடம் தருவதாகச் சிப்பாய்கள் கூறினர். மீரட்டில் ஏப்ரல் மாதம் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை புதியவை அல்ல. என்றும் கையாண்டுவந்த பழைய மாதிரித் தோட்டாக்களே. மே மாதம் 9-ஆம் நாள் அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது; 10-ஆம் நாள் மீரட் பற்றி எரிந்தது.

அப்பெரும் எழுச்சிக்கு நிலமும் வரியும் அரசுரிமையும் சார்ந்த காரணங்கள் பல உண்டு. தோட்டா ஒரு பொறியே. எனினும் நம் பொருளுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. கலத்துக்குள் இருப்பது இன்னது என்று ஒருவன் சொல்ல, மற்றவன் அதைச் சோதித்தறிய வழியில்லாதபோது, சொல்பவனுடைய யோக்கியதையே பொருளின் யோக்கியதை ஆகிவிடுகிறது. கம்பெனி ஆட்சியின் சொல்லில் மக்களுக்கு நம்பிக்கை போயிருந்தது. ஆகவே பழைய தோட்டாவும் நஞ்சாகத் தோன்றியது.

பீப்பாயும் தகர டப்பாவும்

19-ஆம் நூற்றாண்டின் அமெரிக்காவில் மருந்து முதலில் மரப் பீப்பாய்களில் கடைக்கு வந்தது. கடைக்காரர் அதைத் திறந்து, கேட்டவருக்குக் கேட்ட எடையில் அளந்து கொடுப்பார். நம் ஊர் மளிகைக் கடையில் மிளகாயும் புளியும் நிறுத்துத் தருவதைப் போன்ற வியாபாரம் அது. அளப்பவர் கையில் நேர்மை இருக்கும் வரையில் குறை இல்லை. நாளடைவில் ஆலைக்காரர்களே சிறு தகர டப்பாக்களில் அடைத்து, வண்ணச் சீட்டு ஒட்டி, தங்கள் பெயரோடு அனுப்பலாயினர். சீட்டில் மருந்து மணிகளின் பருமனை ஆங்கில எப் எழுத்துகளால் குறித்தனர். எழுத்துக் கூடக் கூட மணி சிறுக்கும். இவ்வாறு கடைக்காரர் சொல் இருந்த இடத்தில் ஆலையின் அச்செழுத்து வந்து அமர்ந்தது.

1884-இல் பால் வியேய் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி புகையில்லா மருந்தைக் கண்டார். அதன் பிறகு டப்பாவின் மேலுள்ள எழுத்து உயிர் காக்கும் எழுத்தாயிற்று. கருமருந்தைக் கிண்ணத்தால் அளந்து பழகியவர்கள், அதே கிண்ணத்தால் அடர்ந்த புகையில்லா மருந்தையும் அளந்தார்கள். அதன் ஆற்றல் பன்மடங்கு ஆகையால் துப்பாக்கிக் குழல்கள் வெடித்துச் சிதறின. கண்ணும் விரலும் இழந்தோர் உண்டு. இந்த ஆபத்தைத் தவிர்க்க, பழைய கிண்ணத்தாலேயே அளக்கக்கூடிய, பரிமாணம் மிகுந்த ஒருவகைப் புகையில்லா மருந்தைச் சில ஆலைகள் செய்து விற்றன. பொருளை மாற்றினாலும் மக்களின் பழக்கத்தை உடனே மாற்ற முடியாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

புகையில்லா மருந்திலும் விரைந்து எரிவன, மெல்ல எரிவன எனப் பல வகை உண்டு. கைத்துப்பாக்கிக்கு உரியது விரைந்து எரியும். நீண்ட துப்பாக்கிக்கு உரியது மெல்ல எரியும். கையில் கொட்டிப் பார்த்தால் பல வகைகள் ஒன்றுபோலவே இருக்கும். மெல்ல எரியும் மருந்துக்கு உரிய அளவில் விரைந்து எரியும் மருந்தை நிரப்பிவிட்டால், சுடுபவன் முகத்தருகே துப்பாக்கியே குண்டாகிவிடும்.

கடைப் பலகையிலிருந்து வீட்டு மேசைக்கு

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்க அரசிடம் மலைபோல் வெடிமருந்து மிஞ்சியது. கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் 4895 என்னும் எண்ணுடைய படைத்துறை மருந்தை ஏராளமாக வாங்கி, தபால் மூலம் விற்கத் தொடங்கினார். விலை மலிவு, போரிலிருந்து திரும்பிய இளைஞர்களுக்குத் துப்பாக்கிப் பழக்கமும் இருந்தது. வீட்டில் தோட்டா நிரப்பும் கலை பெருகிற்று.

இங்கே ஒரு நுட்பத்தை அறிதல் வேண்டும். தொழிற்சாலைக்கு மொத்தமாகச் செல்லும் மருந்து, ஒவ்வொரு தடவை தயாரிக்கும்போதும் சிறிது மாறலாம். தொழிற்சாலையில் அழுத்தம் அளக்கும் கருவிகள் இருப்பதால், அதற்கேற்ப அளவைத் திருத்திக்கொள்வார்கள். வீட்டில் நிரப்புவோரிடம் அக்கருவி இல்லை. ஆகவே அவர்களுக்கென்று சிறு டப்பாக்களில் விற்கும் மருந்தைப் பல தொகுதிகள் கலந்து, எப்போதும் ஏறக்குறைய ஒரே குணம் உடையதாகச் செய்கிறார்கள். டப்பாவில் தொகுதி எண்ணும் அச்சிடுகிறார்கள். கையேட்டில் கண்ட அளவு அந்த ஒரே குணத்தை நம்பி எழுதப்பட்டது. டப்பாவில் வேறெதுவும் கலந்திருந்தால் அக்கையேடு வெற்றுத் தாள்தான்.

பெயரை முழுமையாகப் படிப்பதும் அவ்வளவு முக்கியம். 4831 என்னும் ஒரே எண்ணில் இரண்டு மருந்துகள் அங்கே உள்ளன. ஒன்று ஹாட்ஜ்டன் பெயரில் முன்பே விற்பனையில் இருந்தது. மற்றது து பான் கம்பெனியார் 1970-களில் கொணர்ந்தது. பின்னது முன்னதைவிட விரைந்து எரிவது. எண் ஒன்று என்று எண்ணி ஒன்றுக்குரிய அளவை மற்றதற்குக் கொள்வது ஆபத்து. இதில் யாரும் கைவைக்கவில்லை. படிப்பவன் அவசரமே போதும்.

வேண்டுமென்றே கைவைத்த கதையும் உண்டு. வியட்நாம் போரில், 1967 முதல் 1969 வரை, அமெரிக்கப் படையின் இரகசியப் பிரிவு ஒன்று, எதிரியின் தோட்டாக்களைப் போலவே தோன்றும் கெட்ட தோட்டாக்களைச் செய்து, எதிரியின் கிடங்குகளில் ஒன்றிரண்டாகக் கலந்து வைத்தது. அவை சுடுபவனையே கொல்லும். சில வீரரை மாய்ப்பது அதன் முதல் நோக்கமன்று. தன் துப்பாக்கியையும் தோட்டாவையும் அனுப்பிய நாட்டையும் எதிரி நம்பாதபடி செய்வதே நோக்கம். இடையில், எதிரியிடம் கைப்பற்றிய துப்பாக்கிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று தம் வீரர்களையே எச்சரிக்க வேண்டியதாயிற்று. அவநம்பிக்கையை விதைத்தவன் தன் வயலிலும் அது முளைப்பதைக் காண நேர்ந்தது.

மற்றொரு மருந்து

இனி, பிணி தீர்க்கும் மருந்துக்கு வருவோம். 1982 செப்டம்பர் இறுதியில் சிகாகோ நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஏழு பேர், தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் வழங்கும் டைலினால் என்னும் மாத்திரையை உட்கொண்டு இறந்தனர். அவர்களுள் முதலில் மாண்டவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி. கடைப் பலகையில் இருந்த குப்பிகளை யாரோ எடுத்துத் திறந்து, கூடுகளில் சயனைடு நஞ்சை இட்டு, மறுபடி அங்கேயே வைத்திருக்கிறார்கள். ஆலையில் குற்றம் இல்லை. கடைக்காரரிடமும் குற்றம் இல்லை. அக்காலத்துக் குப்பியைத் திறந்தால் திறந்த அடையாளமே தெரியாது. அதுவே குறை. கொலைகாரன் இன்னார் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளித்ததில்லை.

கம்பெனியார் மூன்று கோடிக்கு மேற்பட்ட குப்பிகளைத் திரும்பப் பெற்றனர். பின்னர் ஒட்டிய அட்டைப்பெட்டி, கழுத்தில் பிளாஸ்டிக் வளையம், வாயில் ஈயத்தாள் போன்ற உறை என மும்முத்திரையோடு மருந்தை வெளியிட்டனர். அவ்வாண்டு நவம்பரிலேயே அமெரிக்க அரசு இத்தகைய காப்பைச் சட்டமாக்கியது. 1983-இல், அடைத்த பொருளில் கைவைப்பதைப் பெருங்குற்றமாக்கும் தனிச் சட்டமும் வந்தது. மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. தொடக்கத்தில் அவ்விதிகள் 'கைவைப்பைத் தடுக்கும் உறை' என்னும் பொருளுடைய சொல்லை வழங்கின. 1998-இல் அதை மாற்றி, 'கைவைத்ததைக் காட்டும் உறை' என்னும் பொருளுடைய சொல்லை ஏற்றன. எந்த உறையும் தீயவனைத் தடுக்காது. அவன் வந்துபோனதைச் சொல்லும், அவ்வளவே. அதைக் கேட்பது வாங்குபவன் கடமை.

வாங்குபவன் பார்வை

அமெரிக்கக் கடையில் வெடிமருந்து வாங்கும் அனுபவசாலி இன்று செய்வது இதுதான். மூடியின் அடிவளையம் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கிறான். உள்முத்திரை உள்ள வகையானால் அது முழுமையாக ஒட்டியிருக்கிறதா என்று நோக்குகிறான். ஒரே வகை டப்பாக்கள் இரண்டைக் கையிலெடுத்து எடை ஒத்திருக்கிறதா என்று தூக்கிப் பார்க்கிறான். சீட்டு கிழிந்தோ, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியோ இருந்தால் வாங்குவதில்லை. தொகுதி எண்ணைக் குறித்துக்கொள்கிறான். வீட்டில் திறந்தபின் காரமான அமில நெடியோ, துருப்பிடித்தாற் போன்ற செந்தூளோ தென்பட்டால், மருந்து கெட்டுவிட்டது என்று அறிந்து ஒதுக்குகிறான். ஒரு டப்பாவிலிருந்து மற்றொன்றுக்கு ஒருபோதும் மாற்றுவதில்லை. மேசைமேல் ஒரே சமயத்தில் இரண்டு வகை மருந்தை வைப்பதும் இல்லை.

விற்ற மருந்தைப் பொதுவாகக் கடைகள் திரும்ப ஏற்பதில்லை. வாங்கியவனுக்கு இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அடுத்து அந்த டப்பாவை வாங்குபவனை நினைத்தால் அதன் நியாயம் விளங்கும். 2020-க்குப் பின் சில ஆண்டுகள் அந்நாட்டில் மருந்துக்குப் பெரும் தட்டுப்பாடு நேர்ந்தது. பண்டம் அருகும் காலத்தில்தான் கண்ணும் அயர்கிறது. கிடைத்ததே போதும் என்னும் மனநிலையில், திறந்த டப்பாவும் பெயரில்லாப் புட்டியும் கைமாறும் அபாயம் உண்டு. பஞ்ச காலத்தில் கலப்படம் தழைப்பது எந்நாட்டுக்கும் பொது.

நம் நாட்டில் வெடிமருந்து மளிகைச் சரக்கன்று. 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அதன் தயாரிப்பையும் விற்பனையையும் இருப்பையும் உரிமத்துக்கு உட்படுத்தியிருக்கின்றன. நீலகிரியில் அருவங்காட்டில் 1904-இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை, இன்றும் பொதுத்துறையில்தான் இயங்கி வருகிறது. குன்னூரிலிருந்து உதகைக்கு மலை இரயிலில் செல்வோர் அவ்வூர் நிலையத்தைக் காணலாம்.

நம் வீட்டு வாசலில்

அப்படியானால் வெளிமாநிலத்தில் குடித்தனம் நடத்தும் நமக்கு இவ்வரலாற்றால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. நம் வீட்டுக்குள்ளும் முத்திரையிட்ட ஆபத்துக் கலம் ஒன்று மாதந்தோறும் வந்து சேர்கிறது. சமையல் வாயுச் சிலிண்டரையே சொல்கிறோம். அதில் 14.2 கிலோ வாயு இருக்க வேண்டும். காலிச் சிலிண்டரின் எடை அதன்மேலேயே எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் கூட்டினால் வர வேண்டிய எடை தெரிந்துவிடும். மறுசோதனைக்குரிய காலத்தையும் ஓர் ஆங்கில எழுத்தாலும் ஆண்டின் இலக்கத்தாலும் பொறித்திருப்பார்கள். ஏ என்றால் சனவரி முதல் மார்ச் வரை. பி, சி, டி என்பன அடுத்தடுத்த மும்மாதங்கள். முத்திரை குலைந்திருந்தால் ஏற்க மறுக்கவும், நிறுத்துக் காட்டச் சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. பாஷை சரியாக வராத ஊரில், கொண்டுவந்தவனிடம் வாதாடக் கூச்சப்பட்டு நம்மில் எத்தனை பேர் வாய் திறவாமல் கையெழுத்திட்டிருக்கிறோம்!

நாமும் ஒருமுறை அவ்வாறு ஏமாந்தோம். தலைநகரில் ஒரு கடையில் காப்பிப்பொடி டப்பா வாங்கினோம். நம் ஊர்ப் பெயரைச் சீட்டில் கண்ட மகிழ்ச்சியில் வேறொன்றையும் பார்க்கவில்லை. வீட்டில் திறந்தபோது உள்தாள் ஓரத்தில் கீறி ஒட்டப்பட்டிருந்தது. நல்லவேளையாக, போனது காசும் ஒரு நாள் காப்பியும்தான். மாதுங்காவிலோ கரோல்பாகிலோ லேக் மார்க்கெட்டிலோ ஊர்ச் சரக்கைக் காணும்போது நம் கண்கள் சற்றுப் பனிக்கின்றன. பனித்த கண்ணுக்கு முத்திரை தெரிவதில்லை.

நம் இளமையில் ஊரிலிருந்து பார்சல் வரும். அப்பளமும் வடகமும் சாம்பார்ப் பொடியும் அடைத்த பெட்டியை அன்னையார் வெள்ளைத் துணியில் இட்டுத் தைத்து, தையல் நெடுகச் செவ்வரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்து அனுப்புவார். பார்சல் வந்ததும் தந்தையார் முதலில் கத்திரிக்கோலை எடுக்கமாட்டார். பெட்டியைத் திருப்பித் திருப்பி அரக்கை எண்ணுவார். ஒன்றும் உடையவில்லை என்று உறுதியான பிறகே தையலைப் பிரிப்பார். பிள்ளைகளாகிய நமக்கு அது வீண் தாமதமாகத் தோன்றியது. ஆயிரம் மைலுக்கு அப்பால் அரக்கு ஊற்றிய கைக்கு அவர் காட்டிய மரியாதை அது என்பது இப்போது விளங்குகிறது. அனுப்புவோர் முத்திரை வைத்தால் போதாது. பெறுவோர் அதைப் பார்த்து வாங்க வேண்டும்.